லாங் ஐலண்டில் ஓர் இடதுகை கேட்சர்

சரியான பதில்தான் சொன்னேன். தகவலில் பிழை இல்லை. பிரச்சினையே அதுதான்.

ஆனால் பயணக் குறிப்பு என்றால் ஏன், எப்போது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பிப்ரவரி. சென்னையில் என் ஆய்வேட்டின் மூன்றாவது இயல் நான்கு மாதமாக நகரவில்லை. அமெரிக்க பேஸ்பாலும் நிறமும். அங்கே பெரிய லீக்குகளில் கறுப்பர்கள் ஆடக்கூடாது என்று விதி எழுதி வைத்திருக்கவில்லை. யாரும் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். பல பத்தாண்டுகள். சேர்த்த பிறகும் பெரும்பாலும் ஓடுகிற இடங்களில் (அவுட்ஃபீல்டு, மைதானத்தின் வெளிவட்டம்) நிறுத்தினார்கள், யோசிக்கிற இடங்களில் அல்ல. இதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியிருந்தேன். பேஸ்பால் பந்தைக் கையால் தொட்டதில்லை.

அந்தமானில், போர்ட் பிளேரின் லம்பா லைன் பகுதியில் வீடு இருக்கும் தோழி ஒருத்தி சொன்னாள்: "எங்க பக்கம், லாங் ஐலண்டுல பொண்ணுங்க பேஸ்பால் ஆடுறாங்க. வந்து பாரு."

போனேன். விமானம் இரண்டே கால் மணி நேரம். அங்கிருந்து லம்பா லைனுக்கு ஆட்டோ நூறு ரூபாய் (நூற்றைம்பது கேட்பார்கள்). மறுநாள் வியாழன். காலை 6.15-க்கு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து லாங் ஐலண்டுக்குக் கப்பல். கடல்வழியாக ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர். டிக்கெட்டுக்கு இரண்டு வரிசை. தீவுக்காரர் அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. ஒரே கப்பல், ஒரே பெஞ்ச், இரண்டு விலை. நியாயமான காரணம் உண்டு. நமக்கு அது உல்லாசம், அவர்களுக்கு டவுன் பஸ். ஆனாலும் வரிசையில் நின்றபோது என் இயலின் ஒரு பக்கம் ஞாபகம் வந்தது. எதைப் பார்த்தாலும் எனக்கு என் இயல்தான் ஞாபகம் வருகிறது. அது ஒரு நோய்.

கப்பலில் உட்கார முடியவில்லை. ஆறரை மணி நேரமும் மேல்தளத்தில் நடந்துகொண்டே இருந்தேன்.

லாங் ஐலண்டு ஜெட்டியில், தோழி சொல்லிவைத்தபடி, ஸ்டெல்லா அக்கா நின்றிருந்தார். அணியின் பயிற்சியாளர். பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம், பிறந்தது இங்கே, கணவருக்கு மீன்பிடித் தொழில். முதல் கேள்வியே, "சாப்பிட்டியா பிள்ள? ஜல்தி வா, வெளிச்சம் போறதுக்குள்ள ஆட்டம் பாக்கணும்ல."

மணல் அடைத்த சாக்குகள்தான் பேஸ்கள், ஓடுபவர் தொட்டு நிற்கிற இடங்கள். தென்னைகளுக்கு நடுவே ஒன்பது பெண்கள். மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருந்தவள் சுக்மணி. அந்த இடத்துக்குக் கேட்சர் என்று பெயர். பந்தைப் பிடிப்பது மட்டும் வேலை அல்ல. என்ன பந்து வீச வேண்டும் என்று விரல்களால் சொல்வதும் அவள்தான். யோசிக்கிற இடம்.

சுக்மணி இடதுகைக்காரி. அணியில் இருந்தது ஒரே ஒரு கேட்சர் கிளவுஸ், இடது கையில் மாட்டுவது. எறிகிற கை இடது என்பதால் அவள் அதைத் திருப்பி வலது கையில் மாட்டியிருந்தாள். கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் சுண்டுவிரல். பிரித்து, தூண்டில் நரம்பால் மறுபடி தைத்திருந்தாள்.

அவளுடைய தாத்தா காட்டு வேலைக்காக ராஞ்சிப் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர். மூன்று தலைமுறை ஆகியும் இங்கே பெயர் "ராஞ்சிவாலா"தான். அவள் தினக்கூலி மஸ்தூர். மெயின்லேண்டு (தீவுக்காரர்களுக்கு இந்தியப் பெருநிலம்) போட்டிக்குப் போனால் சர்டிஃபிகேட் கிடைக்கும். சர்டிஃபிகேட் இருந்தால் நிரந்தர வேலைக்கு மனு போடலாம். வயது வரம்பின்படி இதுதான் கடைசி வருடம்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் ஒரே கப்பலில் போர்ட் பிளேர் வந்தோம். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மெயின்லேண்டு போட்டிக்கான அணித் தேர்வு.

தேர்வாளர் பாண்டியன் சார் ராமநாதபுரத்துக்காரர், கான்ட்ராக்டர். நல்ல மனிதர். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். ஐந்து பேர் பேஸ் திருட, அதாவது பந்து வீசும் நேரம் பார்த்து அடுத்த பேஸுக்கு, ஓடினார்கள். சுக்மணியின் எறியில் மூன்று பேர் அவுட்.

பாண்டியன் சார் பேனாவால் தாடையைத் தட்டினார். "நல்லா ஆடுறா. ஆனா லெஃப்டி. லெஃப்டி கேட்சர் எங்கயும் கிடையாதேம்மா."

"எங்கயும்னா எங்க சார்? எங்க ஐலண்டுல இருக்காளே," என்றார் ஸ்டெல்லா அக்கா.

சிரிப்பு.

"ராஞ்சி ஆளுங்க நல்லா ஓடுவாங்க. அவுட்ஃபீல்டுல போட்டுருவோம்."

"அங்கதான் ஏற்கெனவே அஞ்சு பேரு நிக்கிறாளுவளே. ஸ்டாண்ட்பைன்னு எழுதிட்டு ஷிப் ஏத்த மாட்டீங்க. எனக்குத் தெரியாதா?"

பாண்டியன் சார் என் பக்கம் திரும்பினார். "மேடம் அமெரிக்கா பேஸ்பால்லயே பிஎச்.டி. பண்றாங்க. நீங்களே சொல்லுங்க மேடம். லெஃப்டி கேட்சர் உண்டா?"

"பெரிய லீக்ல இப்ப யாரும் இல்ல சார்."

என்னிடம் இன்னொரு வாக்கியம் இருந்தது. அதற்குள் அவர் பேனா ஸ்டாண்ட்பை என்று எழுதிவிட்டது. துல்லியமாகப் பதில் சொல்லப் பழகியவர்களுக்கு வரும் விபத்து இது. கேட்டதற்கு மட்டும் பதில்.

சுக்மணி கிளவுஸைக் கழற்றினாள். அவளுக்குத் தமிழ் நன்றாக வரும், அக்கா மட்டும் இந்தியில் தீதி. "தீதி, உங்க புக்ல என் பேரு வருமா?"

என் பதிலுக்கு நிற்காமல் கிளவுஸைப் பையில் திணித்தாள்.

"வந்தா ஜெராக்ஸ் அனுப்புங்க. சர்டிஃபிகேட்டுக்குப் பதிலா ஆபீஸ்ல காட்டுறேன்."

ஞாயிறு மதியம் 12.30-க்கு எனக்கு விமானம். பட்டியல் திங்கள் பதினொரு மணிக்கு. காலை ஏழு மணிக்குப் பெட்டியைப் பாதியில் விட்டுவிட்டு லம்பா லைனிலிருந்து பாண்டியன் சார் வீடு இருக்கும் ஷாதிபூருக்கு நடந்தேன். ஆட்டோ கிடைக்கும். உட்கார்ந்து போகப் பிடிக்கவில்லை. நாற்பத்தைந்து நிமிடம்.

பாண்டியன் சார் வாசலில் லுங்கியோடு பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அட, இன்னிக்கு ஃப்ளைட்டுன்னீங்க?"

"நேத்து பாதிதான் சொன்னேன் சார். லெஃப்டி கேட்சர் கூடாதுன்னு விதி கிடையாது. பழக்கம்தான். தேர்டு பேஸுக்கு எறியச் சிரமம்னு காரணம் சொல்வாங்க."

"தேர்டுக்கு ரெண்டு எறிஞ்சா. ரெண்டும் அவுட்டு," என்றார். எண்ணியிருக்கிறார்.

"அப்புறம், ராஞ்சி ஆளுங்க நல்லா ஓடுவாங்கன்னு சொன்னீங்களே."

"புகழ்ச்சிதானே மேடம்?"

"அமெரிக்காலயும் அப்படிப் புகழ்ந்துதான் சார் அவுட்ஃபீல்டுக்கு அனுப்பினாங்க."

குழாயை மூடினார். லுங்கியில் கையைத் துடைத்தார். "நாளைக்கு யாராவது கேட்டா நான் எதைக் காட்டுறது? காகஸ் வேணும். விதி இல்லன்னு எழுத்துல குடுங்க."

எழுதாத விதிகளைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியவளிடம், விதி இல்லை என்று எழுதிக் கேட்கிறார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கிழித்துக் கிழித்து, பன்னிரண்டு மணி வரை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். மூன்று நாளில் முதல்முறையாக அசையாமல் உட்கார்ந்திருந்தேன். விமானம் என்னை விட்டுவிட்டுப் போனது.

விளையாட்டு எல்லோரையும் சமமாக்கும் என்று அமெரிக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருக்கிறது. மைதானம் சமதளம்தான். யாரை எங்கே நிறுத்துவது என்பதை ஓரத்தில் ஒரு பேனா முடிவு செய்கிறது. பேனா பிடித்தவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பக்கத்தில் என்னைப் போல் ஒருத்தி சரியான பதிலோடு நின்றால் போதும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். லாங் ஐலண்டுக்குத் தினமும் கப்பல் இருக்கும் என்று நம்ப வேண்டாம், முதல் நாளே ஜெட்டியில் கேளுங்கள். வானிலை மாறினால் கப்பலும் மாறும். கையில் ரொக்கம் வையுங்கள், போன் சிக்னலை எதிர்பார்க்காதீர்கள். ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு நாளாவது காலியாக விடுங்கள். கப்பலுக்காக மட்டும் சொல்லவில்லை.

திங்கள் பட்டியலில் கேட்சர் என்ற தலைப்பின் கீழ் இரண்டு பெயர்கள். சுக்மணி இரண்டாவது.

"செகண்டா? டீக் ஹை," என்றாள். "மொத ஆளுக்கு முட்டி வலிக்காமலா போயிடும்?"

செவ்வாய் சென்னை திரும்பினேன். வலது கையில் மாட்டும் கேட்சர் கிளவுஸ் தேடி மூன்று கடை ஏறினேன். "இடதுகைக்காரருக்கா? அப்படி யாரும் கேட்டதில்லையே" என்றார்கள். மூன்றாவது கடையில் முன்பணம் கட்டி, வரவழைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.