தட்டிப் பார்த்து எடுத்த இன்ஜினீயரிங்

போன திங்கட்கிழமை ஒரு பேராசிரியரின் பேச்சை நாங்கள் எல்லோரும் சேர்ந்து நிறுத்திவிட்டோம். கை தட்டி அல்ல... கப்பைத் தட்டி!

மகள் தாரணி இன்ஜினீயரிங் சேர்ந்திருக்கிறாள். மெக்கானிக்கல். முதல் நாள் அறிமுக விழாவுக்குப் பெற்றோரும் வர வேண்டும் என்று மெசேஜ் வந்தது. விருத்தாசலத்தில் நானும் அவளும் காலேஜ் பஸ்ஸைப் பிடித்தோம். மற்ற அம்மாக்கள் பிள்ளையை விட்டுவிட்டு வரக் கிளம்பினார்கள். நான் கிளம்பியது வேறு காரியத்துக்கு – மெக்கானிக்கலைக் கம்ப்யூட்டர் சயின்ஸாக மாற்ற!

ஏன் என்கிறீர்களா? என் அக்கா மகன் பிரபு மெக்கானிக்கல் முடித்துவிட்டு சென்னையில் வேலையில் இருந்தான். போன மாதம் அவன் பிரிவையே மூடிவிட்டார்கள். வேப்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கியவனை அழைத்துவர நானும் கணவரும்தான் போனோம். கையில் ஒரு பெட்டி, ஒரு தலையணை, ஒரு டேபிள் ஃபேன். "பசிக்குது சித்தி" என்றான். ரோட்டோர ஓட்டலில் அந்த ஃபேனை மடியில் வைத்துக்கொண்டே தோசை தின்றான். 

அன்றிலிருந்து 'மெக்கானிக்கல்' என்ற சொல் காதில் விழுந்தாலே எனக்குப் பயம். கம்ப்யூட்டர் வேலையிலிருந்து மட்டும் ஆளை அனுப்ப மாட்டார்களா? அனுப்புவார்கள்தான். பயத்திடம் போய் லாஜிக் பேச முடியுமா?

காலேஜ் ஆபீசுக்குப் போன் போட்டேன். கம்ப்யூட்டரில் ஒரே ஒரு இடம் காலி, விழா முடிந்ததும் வந்து கையெழுத்துப் போட்டால் கிடைக்கும் என்றார்கள்.

பஸ்ஸில் தாரணியிடம் சொன்னேன்.

"கம்ப்யூட்டருக்கே மாத்திக்கலாம்டி."

"சரிம்மா."

அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அரங்கத்தில் பேராசிரியர் தொடங்கினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் என்பது இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது. 'பொறியியல் என்றால் என்ன?' என்று திரையில் கொட்டை எழுத்து. ராக்கெட் வந்தது, பாலம் வந்தது, பல்சக்கரம் சுற்றியது. பிள்ளைகள் செல்போனில் இருந்தார்கள். பெற்றோர் கொட்டாவியில் இருந்தோம்.

திட்டக்குடியிலிருந்து வந்த ஓர் அப்பாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எழுந்துவிட்டார்.

"சார், அதெல்லாம் இருக்கட்டும். எதைப் படிச்சா வேலை கிடைக்கும்? அதை மட்டும் சொல்லிடுங்க."

"நாலு வருஷம் கழிச்சு எதுக்கு மவுசுன்னு எனக்குத் தெரிஞ்சா, நான் ஏங்க இங்க மைக்கைப் பிடிச்சிட்டு நிக்கேன்?"

அரங்கமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாருங்கள், இவருக்கே தெரியவில்லையாம்!

அந்த நேரம் பார்த்துத்தான் சீனியர் மாணவர்கள் அட்டைப்பெட்டிகளோடு வந்தார்கள். எல்லோருக்கும் அன்பளிப்பு – காலேஜ் பேர் போட்ட பீங்கான் கப்.

எங்கள் விருத்தாசலம் பீங்கான் சூளைகள் நிறைந்த ஊர். இங்கே பீங்கானைத் தட்டாமல் வாங்குகிற ஆள் உண்டா? சூளையில் வேலை பார்த்தவர்கள், பார்க்கிறவர்கள், அவர்கள் வீட்டில் பெண் கொடுத்தவர்கள், எடுத்தவர்கள்... கல்யாண வீட்டில் டீ கொடுத்தால்கூடக் குடித்துவிட்டுக் கப்பை ஒரு தட்டுத் தட்டி வைக்கிற ஊர் இது. கப் கைக்கு வந்ததும் யாரும் யோசிக்கவே இல்லை. இடது கையில் பிடித்து வலது கை நகத்தால் – ணங்!

முன் வரிசையில் ணங். நடு வரிசையில் ணங். அப்புறம் அரங்கம் முழுக்க ணங் ணங் ணங்...

பேராசிரியர் மிரண்டே போனார். "ஏங்க, என்ன செய்யுதீங்க எல்லாரும்?"

முன் வரிசை அம்மா ஒருவர் நிதானமாகச் சொன்னார். "விரிசல் இருக்குதான்னு பாக்குறோம் சார். நீங்க பாட்டுக்குப் பேசுங்க."

அவர் பேசவில்லை. புரொஜக்டரை அணைத்தார். மேடையை விட்டு இறங்கி எங்கள் நடுவில் வந்து நின்றார்.

"பிள்ளைகளா, பாத்தீங்களா? உடைக்காம, வெட்டாம, ஒரு பொருளுக்குள்ள என்ன கோளாறுன்னு உங்க அம்மா அப்பா கேக்காங்க. ரயில் சக்கரத்தைச் சுத்தியலால தட்டிப் பாத்ததும் இதே மாதிரிதான். பாலமோ பாய்லரோ, உடையறதுக்கு முன்னாடி ஒருத்தன் கண்டுபிடிக்கணும்லா? அதுக்குத்தான் இன்ஜினீயர். சரி, விரிசல் இருந்தா சத்தம் ஏன் மாறுது? யாராவது சொல்லுங்க பாப்போம்."

செல்போன்கள் கீழே இறங்கின.

"பதில் இன்னைக்கு வேணாம். இந்தக் கேள்வி உங்களைப் பிடிச்சு உலுக்குச்சுன்னா சரியான இடத்துக்கு வந்திருக்கீங்க. உலுக்கலைன்னாலும் கவலை இல்ல... நம்ம கேன்டீன்ல போண்டா நல்லாருக்கும்."

தாரணி அவள் கப்பைத் தட்டினாள். டொக்.

மறுபடி தட்டினாள். டொக்.

பக்கத்தில் நின்ற சீனியர் பையன், "மாத்தித் தரேன், கொடுங்க" என்று கை நீட்டினான். புதுக் கப்பை நான் வாங்கிக்கொண்டேன். பழையதை அவள் விடவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேலே ஒரு கீறல்கூடத் தெரியவில்லை.

விழா முடிந்தது. ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த மேடம் தயாராக ஒரு விண்ணப்பத்தை நீட்டினார். பெற்றோர் கையெழுத்து ஒன்று, மாணவி கையெழுத்து ஒன்று. நான் போட்டுவிட்டுத் தாரணி பக்கம் தள்ளினேன். அவள் கண் மேஜையில் இருந்த ஸ்டாம்ப் பேடின் மேல் இருந்தது.

"மேடம், இதைக் கொஞ்சம் தொட்டுக்கலாமா?"

கட்டை விரலை அழுத்தி மையை எடுத்தாள்.

"ஏம்மா, கைநாட்டெல்லாம் வேணாம். கையெழுத்தே போதும்!" என்றார் மேடம்.

அவள் காதில் அது விழவில்லை. மையைக் கப்பின் மேல் பூசினாள். கொஞ்ச நேரம் விட்டாள். பிறகு... புதுத் துப்பட்டாவால் துடைத்தாள். "அடிப்பாவி!" என்று நான் கத்தியதும் விழவில்லை. வெள்ளைக் கப் மறுபடி வெள்ளையானது. கைப்பிடிக்குக் கீழே மட்டும், தலைமுடி மாதிரி ஊதா நிறத்தில் ஒரு கோடு.

"ம்மா! பாத்தியா? இங்க இருக்குதும்மா!"

ணங்கென்று இருந்தது அந்தக் குரல்.

"சார்கிட்ட காட்டிட்டு வந்துடறேன்" என்று ஓடினாள். மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். "ஏன் கைப்பிடிகிட்ட வந்துச்சுன்னு கேட்டாரும்மா. தெரியல சார்னேன். எனக்கும் உறுதியாத் தெரியல, நீ கண்டுபிடிச்சிட்டு வந்து சொல்லுன்னாரு. அவருக்கே தெரியலியாம்மா!"

என்னைப் பயமுறுத்திய அதே 'தெரியவில்லை'... இவளுக்கு அப்படி ஒரு குஷி!

மேடம் விண்ணப்பத்தைத் தட்டிக் காட்டினார். "பாப்பா, கையெழுத்து."

தாரணி கப்பைக் கீழே வைத்தாள். பேனாவை எடுத்தாள். "எங்க போடணும்மா?"

டொக்.

காலையில் பஸ்ஸில் கேட்ட 'சரிம்மா'வும் இதே சத்தம்தான். பிறந்ததிலிருந்து கப்பையும் ஜாடியையும் தட்டிக் கேட்ட காது எனக்கு. அது எப்படிக் கேட்காமல் போனது?

விண்ணப்பத்தை இழுத்துக்கொண்டேன். "மேடம், இது வேணாங்க."

"யோசிச்சுக்குங்க. இந்த சீட்டுக்கு வெளில ரெண்டு பேரு நிக்கிறாங்க. அப்புறம் வந்து கேட்டா கிடைக்காது."

மடியில் டேபிள் ஃபேனோடு பிரபு கண்முன் வந்து போனான்.

"கூப்பிடுங்க அவங்களை" என்றேன்.

வெளியே வந்ததும் கணவரிடமிருந்து போன். "என்னா, மாத்திட்டியா?"

"மாத்திட்டேங்க... கப்பை."

வீட்டுக்குப் பிரபு வந்திருந்தான். கப்பை வாங்கித் தட்டினான். ஊதாக் கோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "மை எவ்ளோ நேரம்டி விட்ட?" என்று கேட்டான். இரண்டு தலைகளும் அப்படியே கப்பின் மேல் கவிழ்ந்தன. சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. கடைசியில் தாரணிதான் எழுந்து வந்தாள்.

"ம்மா, அந்த நல்ல கப்பையும் குடு. ரெண்டையும் உடைச்சுப் பாக்கணும்."

நல்ல கப்பைப் பீரோவில் புடவைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். நாலு வருஷம் கழித்து இவளும் வேப்பூரில் பெட்டியோடு வந்து இறங்கலாம். யார் கண்டது? போய் அழைத்து வருவேன், வேறென்ன செய்ய?

ஒன்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன். இனி இந்த வீட்டில் யார் 'சரிம்மா' சொன்னாலும், ஒரு தட்டுத் தட்டிப் பார்க்காமல் வாங்குவதாக இல்லை.