ஒரே கப்பல், ஒன்பது டிரில்

போன சனிக்கிழமை, காலை 9.40. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பேரிகை ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். மடியில் ஒரு கிலோ ஆப்பிள்.

மன்னிப்புக் கேட்கப் போகிறவன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போகலாமா? நோயாளியைப் பார்க்கப் போகிற மாதிரி ஆகிவிடாதா? நான் பார்க்கப் போகிறவருக்குக் கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். ஆகவே இரண்டுக்கும் பொருந்தும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்கப்படுகிற மனிதனுக்குச் சமாதானங்கள் எப்படித்தான் இவ்வளவு வேகமாக வருகின்றனவோ!

விஷயம் ஒரு விளையாட்டு. சிரிக்காதீர்கள்.

விண்வெளி வியூக விளையாட்டு ஒன்றை நான் மாலை நேரங்களில் போனில் விளையாடுவதாக முன்பு இந்தப் பத்தியில் ஒரு வரி எழுதியிருந்தேன். ஆளுக்கொரு விண்கல். அதில் டிரில் போட்டுத் தாது தோண்ட வேண்டும், கப்பலில் ஏற்ற வேண்டும், நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கப்பல் ஒரு நடை போய்வர எட்டு மணி நேரம் - நிஜமான எட்டு மணி நேரம். ‘புதிதாகச் சேருகிறவர்கள் எப்படி ஆரம்பிக்க வேண்டும்?’ என்று சில வாசகர்கள் கேட்டிருந்தீர்கள். நல்ல வேளை, உடனே பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் உங்கள் கப்பல்களும் நடுவானில் நின்றிருக்கும்.

எங்கள் கூட்டணியில் பத்துப் பேர். எல்லோரும் இந்த ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்து ஆட்கள். கூட்டணியின் பெயர் ‘ஜூஜுவாடிக்கு அப்பால்’. ஜூஜுவாடியில் இருக்கிற மாநில எல்லையையே தாண்டிவிட்டோம், விண்வெளி எம்மாத்திரம் என்கிற திமிர்! தலைவர் ஷாஹிதா. கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் வியாபாரம் செய்கிறார். சீசனில் அவர் கூழ் டிரம்களை லாரி லாரியாக அனுப்புகிற வேகத்தைப் பார்த்தவர்கள், அவரைத் தலைவராக்கியதில் ஆச்சரியப்பட மாட்டார்கள். நான் கூட்டணியின் எழுத்தர். எது எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு நடந்தது என்று குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பதால், ஞாயிறுதோறும் வாட்ஸ்அப் குரூப்பில் வார அறிக்கை எழுதுவது என் வேலை.

பத்தாவதாக வந்து சேர்ந்தவர் முனிரத்னம். பேரிகையில் தக்காளியும் கோஸும் போடுகிற விவசாயி. எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. டிராக்டரிலிருந்து இறங்கும்போது கால் பிசகி விழுந்து, இரண்டு மாதமாக நாற்காலியோடு கிடக்கிறார். நிலத்தைத் தம்பி பார்த்துக்கொள்கிறார். காலை நீட்டிக்கொண்டு மாலையில் எங்களோடு பேசிச் சிரிப்பதுதான் அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு. ‘நாள் பூரா ஊட்டு செவுத்தயே பாத்துனு இருக்கறேன் சார். சாயங்காலம் ஆறு ஆனாத்தான் மனுசனாவறேன்’ என்று அவரே ஒருமுறை சொன்னார்.

அவருக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை... நானேதான் எடுத்துக்கொண்டேன். ஓசூர் ஃபேக்டரி ஒன்றில் உற்பத்தித் திட்டப் பிரிவில் இருபத்தேழு வருஷம் இருந்தவன் அல்லவா? தோண்டுவதும் அனுப்புவதும் எனக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா?

முந்தைய வாரம் செவ்வாய்க்கிழமை, மாலை 6.10. போனில் நடந்த உரையாடல் இது.

“முனிரத்னம், உங்க விண்கல்லுல எத்தன டிரில் ஓடுது?”

“மூணு சார்.”

“பத்தாதே! இன்னும் ஆறு போடுங்க.”

“கப்பலு ஒண்ணுதானே சார் இருக்குது? இவ்ளோ தோண்டிப்புட்டா யாரு இழுக்கறது?”

“லாஜிஸ்டிக்ஸ் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல ப்ரொடக்‌ஷன். மெஷின் நிக்கவே கூடாது.”

“சரிங்க சார். நீங்க சொன்னா சரி.”

மெஷின் நிற்கக் கூடாது! ஃபேக்டரி ஆட்களாகிய எங்களுக்கு இது ஒரு வியாதி. ஓடுகிற மெஷினைப் பார்த்தால் மனசுக்கு நிம்மதி. நிற்கிற மெஷினைப் பார்த்தால் மேலதிகாரியின் முகம் ஞாபகத்துக்கு வரும். எங்கள் ஃபேக்டரியில் ஷிஃப்ட் டார்கெட்டை முடிப்பதற்காக, கேட்காத பாகங்களைக்கூட அடித்துத் தள்ளி, கேன்டீனுக்குப் போகும் வழி வரை அடுக்கிவைத்த காலம் உண்டு. சாப்பிடப் போகிறவர்கள் பக்கவாட்டில் நடந்து போவார்கள். அதையும் நாங்கள் சாதனை என்றே நினைத்தோம்.

முனிரத்னத்தின் விண்கல்லிலும் அதுதான் நடந்தது. ஒன்றரை நாளில் கிடங்கு நிரம்பியது. நிரம்பிய பிறகும் ஒன்பது டிரில்களும் சும்மா சுற்றிக்கொண்டு, கப்பலுக்கும் சேர்த்து வைத்திருந்த எரிபொருளைக் குடித்தன. கப்பல் முழுப் பாரத்தோடு கிளம்பியபோது டேங்கில் மிச்சமிருந்தது பாதி வழிக்கு மட்டும். நடுவானில் நின்றது. ஷாஹிதா தன் கப்பலில் எரிபொருள் அனுப்பி அதை உசுப்பி இழுத்துவருவதற்குள் ஞாயிறு மாலை ஆறு மணி தாண்டிவிட்டது.

அந்த ஆறு மணிதான் கெடு. அதற்குள் பத்துப் பேரின் தாதுவும் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் அடுத்த மண்டலத்துக்கு வழி திறந்திருக்கும். ஆறு வாரம் பத்துப் பேர் சேர்த்த சேகரம்... போயிற்று.

எங்களுக்குள் ஒரு விதி இருந்தது. ஒருவர் கையால் கூட்டணி கெட்டால், அவர் ஒரு மாதம் வெளியே இருக்க வேண்டும். ஷாஹிதா குரூப்பில் கேட்டார்: “யாரால ஆச்சு? ரிப்போர்ட்டர் சார், விவரமா எழுதுங்க.”

எழுதினேன். ‘உறுப்பினர் முனிரத்னம், போக்குவரத்தைக் கணக்கில் கொள்ளாமல் டிரில்களை அதிகரித்ததே தாமதத்துக்குக் காரணம்.’ எந்தக் கிழமை எத்தனை டிரில், எத்தனை மணிக்குக் கப்பல் நின்றது - எல்லாம் துல்லியமாக. செவ்வாய் மாலை 6.10 மட்டும் இல்லை.

மறந்துவிட்டதா? இல்லை. அந்த வரி என் குறிப்பில் கண்ணெதிரே இருந்தது. அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன். அவ்வளவுதான். ஒரு மனிதனைக் காட்டிக்கொடுக்க இவ்வளவு குறைந்த உழைப்பு போதும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முனிரத்னம் வாதாடவில்லை. ‘தப்பு என்னுதுதான். எல்லாரும் மன்னிச்சுக்குங்க’ என்று ஒரு வரி போட்டுவிட்டு, யாரும் விலக்குவதற்கு முன் தானே குரூப்பை விட்டு வெளியேறினார். மாலை 7.25.

திங்கள், செவ்வாய், புதன்... மாலை ஆறு மணி ஆகும்போதெல்லாம் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று தோன்றும். போன் எடுப்பேன். வைப்பேன். சனிக்கிழமைதான் பஸ் ஏறத் தைரியம் வந்தது.

பேரிகையில் இறங்கி விசாரித்துப் போனேன். வாசலில் அவர் மனைவி கோஸ் இலைகளைக் கழித்துக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னதும் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ஏங்க, அந்த ராக்கெட்டு சாரு வந்துக்கறாரு!”

“ரண்டி சார், ரண்டி” என்று தெலுங்கிலேயே வரவேற்றார் முனிரத்னம். கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஆப்பிளைக் கொடுத்தேன். வாங்கி மனைவியிடம் நீட்டினார். நானே ஆரம்பித்தேன்.

“அந்த ரிப்போர்ட்டு விஷயமா...”

“படிச்சேன் சார். நல்லா எழுதி இருந்தீங்க. என் பேரு மட்டும் கரெக்டா இருந்துச்சு.”

தரையைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

“மன்னிச்சுக்குங்க முனிரத்னம். நான்தான் டிரில் போடச் சொன்னேன். அத எழுதாம வுட்டது தப்பு.”

“அது கெடக்குது வுடுங்க. எனக்கு ஒண்ணு மட்டும் புரியல சார். நீங்க ஃபேக்டரில நெசமாவே அப்டித்தான் செஞ்சீங்களா?”

“அப்டித்தான் செஞ்சோம்.”

அவர் மனைவி சிரித்தேவிட்டார். முனிரத்னம் ஜன்னல் வழியே தோட்டத்தைக் காட்டினார். தக்காளி செடி செடியாகப் பழுத்து நின்றது. ஆள் யாரும் இல்லை.

“அது ஏன் அறுக்கல தெரியுமா? வண்டிக்காரன் இன்னும் போன் பண்ல. வண்டி கெளம்பிடுச்சுன்னு சேதி வந்தாத்தான் காயில கை வெப்போம். செடியில இருந்தா நாலு நாளு தாங்கும். கூடைக்கு வந்துடுச்சுன்னா ரெண்டு நாளு. வண்டி இல்லாம அறுக்கறவன் இந்த ஊர்ல எவனும் இல்ல சார்.”

“அப்ப என்கிட்ட ஏன் சரின்னு சொன்னீங்க?”

“நீங்க பெரிய கம்பெனியில இருந்தவரு. வானத்துல வேற மாதிரி போலன்னு நெனச்சிட்டேன்.”

வானத்திலும் அதே மாதிரிதான் என்பதை அவரே அரை மணி நேரத்தில் எனக்கு விளக்கினார். புதியவர்கள் கேட்டிருந்தீர்களே, இதுதான் பதில். என்னுடையது அல்ல, அவருடையது.

டிரில்லை எண்ணாதீர்கள். கப்பல் ஒரு நாளில் எத்தனை நடை போகும், ஒரு நடைக்கு எவ்வளவு ஏற்றும் என்று முதலில் பாருங்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒரு நடை என்றால் நாளைக்கு மூன்று. அந்த மூன்று நடைக்கு மேல் தோண்டுவதெல்லாம் வெறும் மண்மேடு. அவருடைய பழைய மூன்று டிரில்களே அதற்குப் போதுமானவை! கிடங்கு முக்கால் நிறைந்தால் கூச்சப்படாமல் டிரில்லை நிறுத்துங்கள்.

தாதுவைக் கல்லாக ஏற்றாதீர்கள். விண்கல்லிலேயே ஓர் உருக்காலை போட்டு, உலோகமாக ஏற்றுங்கள். “கோஸுக்கு மேல் எலயெல்லாம் இங்கியே கழிச்சுடறோம் இல்ல? மண்ணையும் எலயையும் ஏத்துனா அதுக்கும் சேத்து டீசல் ஊத்தணும்” என்றார். அவர் மனைவி ஒரு கோஸைத் தூக்கிக் காட்டினார். நான் பாடம் சரியாகக் கவனிக்கிறேனா என்ற சந்தேகம் போல.

திரும்பும் கப்பல் காலியாக வரக் கூடாது. ஜூஜுவாடியில் சாலையோரம் வரிசையாக நிற்கிற லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். சரக்கை இறக்கிவிட்டு, ரிட்டர்ன் லோடு கிடைக்காதா என்று காத்திருப்பவை பல. நிலையத்திலிருந்து விண்கல்லுக்குத் திரும்பும்போது எரிபொருளை ஏற்றி அனுப்பினால், விண்கல்லில் அது ஒருபோதும் தீராது. ஒரு நடைக்கான எரிபொருளை மட்டும் யாரும் தொடாமல் தனியே வைத்துவிட வேண்டும் - டிரில் நின்றாலும் சரி, விளக்கே அணைந்தாலும் சரி.

இவ்வளவும் தெரிந்த மனிதரைத்தான் நான் ‘போக்குவரத்தைக் கணக்கில் கொள்ளாதவர்’ என்று எழுதியிருந்தேன்.

எழுந்தேன். “அப்ப நான் கெளம்பறேன். மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க.”

“உக்காருங்க சார். இங்க வந்து சொன்னது எனக்குத் தெரியும், இவளுக்குத் தெரியும். அங்க இருக்கறவங்களுக்கு?”

“இன்னிக்கு எழுதிடறேன்.”

“இங்கியே எழுதுங்க. வூட்டுக்குப் போனா உங்களுக்கு வேற வேல வந்துடும்.”

எவ்வளவு சரியாக எடைபோட்டிருக்கிறார்! போனை எடுத்துத் தட்டினேன். ‘சென்ற அறிக்கையில் ஒரு தகவல் விடுபட்டுவிட்டது. டிரில்களை அதிகரிக்கும் ஆலோசனை வழங்கப்பட்டிருந்தது...’ அவரிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

“இது யாரோ செஞ்ச மாதிரி இருக்குது சார்.”

மறுபடி எழுதினேன். டிரில் போடச் சொன்னது நான். அவர் தடுத்துக் கேட்டதைக் காதில் வாங்காதது நான். தெரிந்தே அறிக்கையில் மறைத்ததும் நான். பகல் 12.05-க்கு அனுப்பினேன்.

ஐந்தே நிமிடத்தில் ஷாஹிதா போன்.

“என்ன ரிப்போர்ட்டர் சார், ஊருக்கெல்லாம் நேரம் காலம் எழுதுறீங்க, உங்க நேரம் வந்தப்ப பேனா மை தீந்துபோச்சா?”

“தப்புதாம்மா.”

“விதி உங்களுக்கும்தான். ஒரு மாசம் ஆட்டத்துக்கு வெளில இருங்க. குரூப்புல இருக்கலாம், வாயத் தெறக்கக் கூடாது. முனிரத்னம் அண்ணன்கிட்ட போனக் குடுங்க.”

கொடுத்தேன். எதிர்முனையில் என்ன பேசினாரோ தெரியாது. இவர் “ம்... ம்...” என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சரக்கு அனுப்பறது பூரா நான் பாத்துக்கறேம்மா. ஆனா எல்லாரும் டிரில்ல பாதியா கொறைக்கணும், சம்மதமா?” என்று கேட்டார். சம்மதமாம். அன்று மாலையே குரூப்பில் மீண்டும் சேர்க்கப்பட்டார். மாலை 6.02.

இதோடு முடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால், வாட்ஸ்அப்பில் ஒரு வசதி இருக்கிறது. நாம் அனுப்பியதை யார் யார் படித்தார்கள் என்று பார்க்கலாம். முனிரத்னத்தின் மேல் பழி போட்ட அறிக்கையை ஒரு மணி நேரத்துக்குள் ஒன்பது பேரும் படித்துவிட்டார்கள். முனிரத்னம் குரூப்பில் இல்லாததால், என் திருத்தம் போனது எட்டுப் பேருக்கு. இதை எழுதும் வியாழக்கிழமை காலை வரை அதைப் படித்தவர்கள் மூன்றே பேர்.

பாக்கி ஐந்து பேரில் ஒருவர் நேற்று மாலை எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார். ‘புதுசா வந்தவரை மன்னிச்சு திரும்பவும் சேர்த்துக்கிட்டீங்க போல. உங்களுக்குப் பெரிய மனசு சார்!’ கூடவே மூன்று கும்பிடு.

அவருக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. ஞாயிறு காலையில் இந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவதாக ஒருமுறை சொல்லியிருக்கிறார்... படிக்கட்டும்.