தேவிப்பிரியா போட்ட பச்சை டிக்

தேவிப்பிரியாவுக்கு என்ன வேலை என்று எங்கள் குடியிருப்பில் ரொம்ப நாள் யாருக்கும் தெரியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதோ கம்பெனி. கழுத்தில் அட்டை, காலையில் கேப், சாயங்காலம் கேப். ஐ.டி. என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம். கரையான்சாவடியில் இப்போது அட்டை மாட்டிய எல்லாரும் ஐ.டி.தான். விருத்தாசலத்துப் பெண். கணவர் ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டு மாதத்துக்கு இரண்டு தடவை வந்து போவார். ஒன்றாவது படிக்கிற மகளோடு அவள் இரண்டாவது மாடியில் குடியிருந்தாள்.

நான் வரலட்சுமி, கீழ்வீடு. கட்டடம் நிற்கிற மனை என் மாமனாருடையது. பில்டர் கட்டி விற்றபோது எங்கள் பங்குக்குக் கீழ்வீடு வந்தது. அங்கே உட்கார்ந்து பிளவுஸ் தைக்கிறேன். என் வாய் கொஞ்சம் நீளம், அதனால் மற்றவர்கள் கேட்கத் தயங்கியதை நான்தான் கேட்டேன்.

"இன்னா வேலமா அது? சாயங்காலம் வரச்சொல்ல கண்ணு ரெண்டும் செவந்து கீதே."

"வீடியோ பாக்குற வேலைக்கா."

"அதுக்குக் கூடவா சம்பளம் குடுக்கறாங்கோ? எம் புள்ள சும்மாவே பாத்துகினு கீறான், அவனையும் சேத்துக்கச் சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. இது கூடாது என்று யாராவது புகார் செய்த வீடியோக்களை அவள் பார்க்க வேண்டுமாம். பார்த்துவிட்டு, இருக்கலாமா, தூக்கலாமா, பெரியவர்களுக்கு மட்டுமா என்று சொல்ல வேண்டுமாம். அவள் பிரிவுக்கு வருவது முக்கால்வாசி சாகச வீடியோக்கள். ஓடுகிற ரயிலில் தொங்குவது, பைக்கில் நின்றுகொண்டு போவது, மாடிக்கு மாடி தாவுவது, இப்படி.

அன்றைக்குத்தான் அவளுடைய பயம் எனக்குப் புரிந்தது. அதுவரை அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். மகளைப் படியில் தனியாக இறங்க விடமாட்டாள். பால்கனிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போதாதென்று பூட்டும் போட்டிருந்தாள். பிள்ளைகள் மொட்டை மாடியில் விளையாடினால் துணி எடுக்கிற சாக்கில் போய் நின்றுகொள்வாள். காயப்போடாத துணியை எடுக்க வந்தவள் என்று நான் கிண்டல் செய்ததுண்டு.

என் மகன் அஸ்வினுக்குப் பத்து வயது. நான் மெஷினில் உட்கார்ந்தால் என் போன் அவன் கையில். அவன் பார்த்ததெல்லாம் இந்தச் சாகசங்கள்தான். பிடுங்கினால் வீடு இரண்டாகும், கொடுத்தால் அவனும் ஏதாவது செய்துவிடுவானோ என்று எனக்குத் தையல் ஓடாது. தேவிப்பிரியாவிடம் ஒன்றைக் காட்டி, இதைப் பிள்ளை பார்க்கலாமா என்று கேட்டேன். பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். இன்னொன்றுக்குச் சரி என்றாள். விஷயம் பரவி, எங்கள் கட்டடத்து அம்மாக்கள் எல்லாரும் வாட்ஸ்அப் குழுவில் அவளுக்கு லிங்க் அனுப்ப ஆரம்பித்தோம். அவள் பச்சை டிக் போட்டால் பிள்ளை பார்க்கலாம். சிவப்புப் பெருக்கல் போட்டால் கூடாது.

எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டால் சொல்வாள். செய்கிறவன் பயிற்சி எடுத்தவனா? கீழே மெத்தை, வலை ஏதாவது இருக்கிறதா? விழுந்தவனைப் பார்த்துச் சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்களா? முக்கியமாக, அதில் இருக்கிற பொருள் நம் வீட்டில் இருக்கிறதா? "ஹெலிகாப்டர்ல இருந்து குதிச்சா பரவால்லக்கா. நம்மகிட்ட ஹெலிகாப்டர் கிடையாது. துப்பட்டாவைக் கட்டிக்கிட்டு குதிச்சாதான் எனக்கு பயம்."

எனக்கு அவள் பேரில் பெரிய மதிப்பு வந்துவிட்டது. கேப்புக்குக் காத்திருக்கும்போதே மூன்று நான்கு பார்த்துவிடுவாள். கட்டை விரலால் ஓட்டி ஓட்டி, சத்தம்கூட வைக்காமல், இரண்டு நிமிட வீடியோவை மூச்சு விடுவதற்குள் முடிப்பாள். கைத்தேர்ச்சி என்றால் இதுதான் என்று மெச்சிக்கொண்டேன்.

கதவு நிலையில் ஏறுகிற ஒரு வீடியோவுக்கும் அவள் டிக் போட்டாள். ஒரு இளைஞன் தன் வீட்டு அறை வாசலில் நிற்கிறான். நிலையின் இரண்டு பக்கமும் கையையும் காலையும் அழுத்தி, பல்லி மாதிரி மேலே ஏறுகிறான். கீழே மெத்தை போட்டிருக்கிறான். ஏறி, உத்தரத்தைத் தொட்டு, சிரித்துக்கொண்டே இறங்குகிறான். அவ்வளவுதான். அஸ்வின் சமையலறை வாசலில் அதைச் செய்து காட்டியபோது நானே கைதட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் பக்கத்துக் கட்டடத்துப் பையன் கோபி என் வாசலில் வந்து நின்றான். கையில் என் போன்.

"ஆன்ட்டி, அஸ்வின் எறங்க மாட்றான்."

"எங்கடா எறங்க மாட்றான்?"

அவன் சந்துப் பக்கம் கையைக் காட்டினான். எங்கள் கட்டடத்துக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. இரண்டு பில்டர்களும் சட்டப்படி இடம் விட்டதாகச் சொல்லிக்கொள்கிற சந்து. ஒரு ஆள் கையை விரிக்க முடியாது. உள்ளே உடைந்த டைல்ஸ், செங்கல், ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர். நான் கீழேதான் தேடினேன். பிள்ளையைக் காணவில்லை. அப்புறம்தான் தலையைத் தூக்கினேன்.

என் மகன் இரண்டாவது மாடியில் தேவிப்பிரியா வீட்டு பாத்ரூம் ஜன்னலை ஒட்டி, இரண்டு சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தான். நின்றான் என்று எப்படிச் சொல்வது. ஒரு கை இந்தச் சுவரில், ஒரு கை அந்தச் சுவரில். கால்களும் அப்படியே. முழங்கால் நடுங்குவது கீழே நிற்கிற எனக்குத் தெரிந்தது. அவன் பெயரைச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் வாயைப் பொத்தியது.

தேவிப்பிரியா. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவள் கோபி சொன்னதைக் கேட்டு ஓடி வந்திருக்கிறாள். "கத்தாதீங்கக்கா. கத்தினா கீழ பாப்பான்," என்று காதோடு சொன்னாள். "மெத்தை எல்லாம் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. ஏணிக்கு ஆள் அனுப்புங்க." சொல்லிவிட்டுப் படியேறி ஓடினாள்.

என் கணவர் ஜம்புலிங்கம் பாடியில் இருக்கிற கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினேன். என்ன சொல்லி எழுப்பினேன் என்று நினைவில்லை. அவர் லுங்கியோடு மெயின் ரோட்டிலிருக்கிற பந்தல்காரர் கடைக்கு ஓடினார். பெண்கள் மெத்தை, தலையணை, கோரைப்பாய் என்று கிடைத்ததை எல்லாம் சந்துக்குள் தள்ளினார்கள். அந்த உயரத்துக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் தள்ளினார்கள்.

மேலே பாத்ரூம் ஜன்னலில் கண்ணாடிப் பட்டைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. அவள் கழற்றிக்கொண்டிருந்தாள். அந்த ஜன்னலில் தலை நுழையாது. பக்கெட்டின் மேல் ஏறி நின்று தோள்வரை கையை வெளியே விட்டாள். அவளுக்கு அவன் முகம் தெரியவில்லை. கை காற்றில் துழாவிக்கொண்டே இருந்தது. மூச்சு விடுகிற சத்தத்தை வைத்துத்தான் அவன் எங்கே இருக்கிறான் என்று கண்டுபிடித்ததாகப் பிறகு சொன்னாள்.

"அஸ்வின், ஆன்ட்டி கை தெரியுதாப்பா?"

"ம்."

"புடிக்க வேணாம். நீ சுவத்தை விடாத. நான் புடிச்சுக்கிறேன்."

"கால் நடுங்குது ஆன்ட்டி."

"நடுங்கட்டும். எனக்கும் நடுங்குது. பேசிக்கிட்டே இரு, உன் சத்தம் எனக்குக் கேக்கணும்."

கை அவன் சட்டைக் காலரைப் பிடித்தது, பிறகு இறங்கி மணிக்கட்டைப் பிடித்தது. நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். அவன் ஒரு தடவை வழுக்கினான். சுவரிலிருந்து சுண்ணாம்பு என் கண்ணில் விழுந்தது. நான் கண்ணை மூடவில்லை. மூடித் திறப்பதற்குள் அவன் இல்லாமல் போய்விடுவான் என்று தோன்றியது.

மூங்கில் ஏணி வந்தது. இரண்டு சுவருக்கும் நடுவில் முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். என் கணவர் ஏறி, பிள்ளையை இடுப்போடு சேர்த்துப் பிடித்த பிறகும் மேலே அந்தக் கை மணிக்கட்டை விடவில்லை. "வுடுமா, நான் புடிச்சுகினேன்," என்று அவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அஸ்வின் தரையில் கால் வைத்ததும் நான் உடைந்த டைல்ஸ்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். கை எழும்பவில்லை.

அந்தப் பயம் சாயங்காலத்துக்குள் கோபமாக மாறியது. போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். தேவிப்பிரியாவின் தோளில் ஜன்னல் சட்டம் கிழித்த காயம், மஞ்சள் வைத்திருந்தாள். அதைப் பார்த்தும் என் வாய் நிற்கவில்லை.

"இதுக்குத்தானே டிக் போட்டே? உன்ன நம்பித்தானே காட்டுனேன்?"

கதவு நிலை வீடியோவை அவள் முகத்துக்கு நேரே வைத்து அழுத்தினேன். பாட்டுச் சத்தத்தோடு அந்த இளைஞனின் குரல் கேட்டது. அண்ணன் தம்பியிடம் பேசுகிற மாதிரி, அன்பாக. "இது சும்மா ஸ்டார்ட்டிங்தான் பசங்களா. கதவுல ஏறிட்டீங்களா? அடுத்தது உங்க தெருவுல ரெண்டு பில்டிங்குக்கு நடுவுல சந்து இருக்கும், தேடுங்க. அம்மா பாத்தா விட மாட்டாங்க, அவங்க வேலையா இருக்கறப்போ போங்க. ஒரு ஃபிரண்ட வீடியோ எடுக்கச் சொல்லி எனக்கு அனுப்புங்க. யாரு தைரியசாலின்னு பாக்கலாம்."

படத்தில் மெத்தை, கதவு, சிரிப்பு. வேறொன்றும் இல்லை.

அவள் போனை வாங்கி மறுபடி ஓட்டினாள். மறுபடியும்.

"இவன் பேசுறான்னே எனக்குத் தெரியாதுக்கா," என்றாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாடி தாவுகிற வீடியோ ஒன்று வந்ததாம். தாவியவன் தவறிவிட்டான். பார்த்ததுகூட மங்கிவிட்டது, ஆனால் படம் எடுத்தவன் போட்ட அலறல் மட்டும் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் காதில் கேட்டதாம். பக்கத்து சீட்டில் இருந்த பெண்தான் வழி சொன்னாள். சத்தத்தை அணைத்துவிட்டு வேகமாக ஓட்டு, தூக்கம் வரும். அங்கே பாதிப் பேர் அப்படித்தான் பார்க்கிறார்களாம்.

"அன்னையிலருந்து நான் எதையும் கேட்டதே இல்லக்கா." மகள் தூங்குகிற அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "ஆபீஸ்ல தினம் தினம் எத்தனைக்கு சரின்னு போட்டிருக்கேன். எத்தனை சந்துல யார் யார் புள்ளைங்க ஏறி நிக்குதோ."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. பயம் மட்டும் முன்னைவிடப் பெரிதாக வந்து உட்கார்ந்துகொண்டது. நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போகும்போது கழுத்தில் அட்டையோடு இயர்போனும் தொங்கியது. இப்போது முன்போல் நிறையப் பார்க்க முடிவதில்லையாம், மேலாளர் முணுமுணுக்கிறாராம். பழையபடி தூக்கமும் போய்விட்டது. கண் முன்னைவிடச் சிவந்திருக்கிறது. இன்னா தேவி, வேற வேல பாரேன் என்றேன். "நான் போய்ட்டா சத்தத்தை அணைச்சுட்டு பாக்குற இன்னொருத்தி வருவாக்கா," என்றாள்.

எங்கள் குழுவில் இப்போது டிக்கும் இல்லை, பெருக்கலும் இல்லை. லிங்க் அனுப்பினால், அதில் பேசுகிறவன் பிள்ளையிடம் என்ன சொல்கிறான் என்று மட்டும் எழுதுகிறாள். 'அம்மா இல்லாதபோது செய்யச் சொல்கிறான்.' 'செய்யாதவன் கோழை என்கிறான்.' 'இவன் கீழே வலை கட்டியதைச் சொல்கிறான், நல்லது, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.' முடிவு எங்களுடையது.

நேற்று நான் ஒன்று அனுப்பினேன். தண்ணீர்த் தொட்டிமேல் ஒருவன் ஒற்றைக் காலில் நிற்கிறான். எவ்வளவு கேட்டும் எனக்குப் பாட்டு மட்டும்தான் கேட்டது. அவளிடமிருந்து பதில் வர ரொம்ப நேரம் ஆனது.

'இதில் யாரும் எதுவும் சொல்லவில்லை அக்கா. ஆனால் பாட்டுக்குப் பின்னால் கீழே ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறது. கடைசியில் அந்த அழுகை சட்டென்று நின்றுவிடுகிறது. ஏன் என்று படத்தில் தெரியவில்லை.'

நான் மெஷினை நிறுத்திவிட்டு அஸ்வின் எங்கே இருக்கிறான் என்று பார்க்கப் போனேன்.