தாழிக்குள் அகப்பட்ட பிள்ளை

அந்தக் குழந்தையின் உச்சந்தலை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. மற்றதெல்லாம் தாழிக்குள். கதவு வெளியே பூட்டியிருந்தது. ஜன்னல்களைச் சாத்தி ஆணி அடித்திருந்தார்கள். உள்ளே ஒரு கூட்டம் பெண்களும் நானும். ஆண் ஒருவர்கூட வரக்கூடாத நாள். குழந்தைக்கு மூச்சிழுப்பு வர ஆரம்பித்துவிட்டது.

சர்வேசுரன் எனக்குச் செய்த உபகாரத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். ஆனால் நல்லதை முதலில் சொல்லிவிட்டால் நான் கிடந்த இடம் உங்களுக்குத் தெரியாது. எலிப்பொறியில் எலி கிடக்குமே, அப்படித்தான் கிடந்தேன்.

என் பேர் சவரியம்மாள். ஊர் இராயபுரம். கன்னியாஸ்திரீகள் நடத்தும் உபாத்தினிகள் பயிற்சிப் பாடசாலையில் அப்போது எனக்கு இரண்டாம் வருஷம். பாடசாலைக்கு ஒரு காட்சிச்சாலை உண்டு. ரயில் பாதையை ஒட்டின பழைய உப்புக் கிடங்கில் அது இருந்தது. எழும்பூரில் இருக்கிற பெரிய காட்சிச்சாலையைச் சனங்கள் 'செத்த காலேஜ்' என்பார்கள். எங்களுடையதற்கு 'குட்டி செத்த காலேஜ்' என்று பேர். சுறாவின் தாடை, பாடம் பண்ணின கழுகு, பழைய காசு, கல் ஆயுதம் எல்லாம் அங்கே இருந்தன. வருஷத்துக்கு ஒரு மாணவியைத் தெரிந்தெடுத்து உதவி உபாத்தினியாக வைப்பார்கள். தூசி தட்டவேண்டும், வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லவேண்டும், பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திப் பழகவேண்டும். அந்த வருஷம் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. தலை கால் புரியாமல் நடந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை கோஷா நாள். வீட்டைவிட்டு வெளியே வராத பெண்கள் அன்றைக்கு மட்டும் பிள்ளைகளோடு ஜட்கா வண்டியில் திரை கட்டிக்கொண்டு வருவார்கள். மண்ணடியிலிருந்து, வண்ணாரப்பேட்டையிலிருந்து, எங்கள் இராயபுரத்திலிருந்தே கூட வருவார்கள். வீட்டு ஆண்களின் மனசு ஆறட்டும் என்று அன்றைக்குக் கதவை வெளியே பூட்டிச் சாவியை எங்கள் தலைமைக் கன்னியாஸ்திரீயான மதரிடம் கொடுத்துவிடுவது வழக்கம். காவல்காரர் அந்தப் பக்கமே நிற்காமல் கேட்டண்டை போய் உட்கார்ந்துகொள்வார். சாயங்கால மணி அடித்தால்தான் திறப்பார்கள். யார் யோசித்த யோசனையோ, அன்றுவரை அது தப்பென்று எனக்கும் தோன்றவில்லை.

பெரிய மழை ஓய்ந்த தை மாதத்துக் கோஷா நாள் அது. எங்கள் தாழி தெற்கேயிருந்து வந்தது, முற்காலத்தில் செத்தவர்களை உள்ளே வைத்துப் புதைத்த தாழி. வாய் குறுகல், வயிறு பெருத்தது. ஆடாமலிருக்க அரைவாசி உயரத்துக்குச் செங்கல் வைத்துக் காரை பூசியிருந்தார்கள். பிள்ளைகளுக்கு வாயால் சொன்னால் போதாது, செய்து பார்க்க விடவேண்டும் என்று எங்களுக்குப் போதனாமுறைப் பாடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நானும் பெரிய உபாத்தினி மாதிரி, "அந்தக் காலத்து ஆட்கள் இதற்குள் எப்படி உட்கார்ந்திருப்பார்கள்? யார் உட்கார்ந்து காட்டுவீர்கள்?" என்று கேட்டேன். பிள்ளைகளெல்லாம் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். எனக்கு ஒரே பெருமை. சுறாத் தாடையைக் காட்டப் பெண்களை அடுத்த பக்கம் அழைத்துப் போனேன்.

ஹபீபா மட்டும் தரையில் உட்கார்ந்ததோடு விடவில்லை. பெஞ்சின்மேல் ஏறி, தாழிக்குள் இறங்கி, நான் சொன்னபடியே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவளுக்குக் கையை மேலே எடுக்க முடியவில்லை. எழுந்திருக்கவும் முடியவில்லை. ஆறு வயதுப் பிள்ளை.

அவள் தாய் ஜைனம்பு என்னைவிட இரண்டொரு வயதுதான் மூத்தவள். ஓடி வந்து தாழிக்குள் கையை விட்டாள். தலைமயிர்தான் கைக்கு வந்தது. தோளுக்குக் கீழே கை போகவில்லை.

"டீச்சரம்மா, அதுக்கு இழுப்பு கீது. தூசி ஆவவே ஆவாது அதுக்கு," என்றாள். அந்தக் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

எல்லாரும் கதவைத் தட்டினோம், கத்தினோம். துறைமுகத்துக்குக் கரி ஏற்றிக்கொண்டு போகிற ரயில் வண்டிகள் பக்கத்திலேயே இடித்துக்கொண்டு நின்றன. எங்கள் சத்தம் எங்களுக்கே கேட்கவில்லை. கேட்டண்டை இருக்கிற காவல்காரருக்கு எங்கே கேட்கும்?

மீன் விற்கிற பாக்கியம் கோஷா இல்லாதவள். வேடிக்கை பார்க்க மாதாமாதம் வருவாள். அவள் ஒரு கல் ஆயுதத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "இன்னா பாத்துகினு நிக்கிற? ஒரே போடு போட்டா ஒடஞ்சிட்டுப் போவுது. பானை பெருசா, புள்ள பெருசா?"

"பிள்ளைதான் பெரிசு, பாக்கியம். ஆனா தலை எங்க இருக்கு, முதுகு எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமா? ஓடு விரற்கடை கனம். உள்ளே குத்தினா என்ன பண்ணுவே?"

அவள் கல்லைக் கீழே வைத்தாள். உள்ளேயிருந்து விசில் மாதிரி மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. என் வாயால் சொன்னதைக் கேட்டுத்தானே உள்ளே போனாள்? கதவு பூட்டு, ஜன்னல் பூட்டு, தாழி பூட்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

தாழியைக் கட்டிக்கொண்டு முழங்காலில் நின்றேன். எனக்கு எப்போதும் அந்தோனியார்தான். அன்றைக்கு அவரிடம் சண்டையே போட்டேன். 'காணாமற்போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் நீர். இவள் காணாமற்போகவில்லை சுவாமி, இதோ இருக்கிறாள், எடுத்துக் கொடும், மெழுகுவத்தி ஏற்றுகிறேன்' என்றேன். பிறகு சண்டைக்கும் தெம்பில்லாமல் தேவமாதாவிடம் அழுதேன். பக்கத்தில் ஜைனம்பு அல்லாவைக் கூப்பிட்டாள். பாக்கியம் எல்லம்மாளைக் கூப்பிட்டாள். எங்கள் ஞானோபதேச வகுப்பில் இதற்கு என்ன சொல்வார்களோ எனக்குத் தெரியாது. அன்றைக்கு யாரும் வகுப்பில் இல்லை, எல்லாரும் பொறியில் இருந்தோம்.

அப்போதுதான் உள்ளேயிருந்து குரல் வந்தது. மூச்சுக்கு நடுவே ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "டீச்சர்... இங்க... ஒரு கோடு கீது."

"என்ன கோடு, கண்ணு?"

"வெளுப்பா... கோடு."

கூரையின் கண்ணாடி ஓடு வழியாகத்தான் எங்களுக்கு வெளிச்சம். அந்த வெளிச்சம் எங்கேயோ தாழியின் சுவரைத் தாண்டி உள்ளே போகிறது என்று அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறாள். எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. இந்தத் தாழி முழுசாக வந்ததில்லை. துண்டு துண்டாக வந்து, ஒட்டி, வெளியே மெல்லிசாகச் செம்மண் பூசி, ஒட்டுத் தெரியாமல் மறைத்தது. வெளியே நிற்கிற எங்களுக்கு அது ஒரே பானை. உள்ளே இருக்கிறவளுக்குத்தான் ஒட்டு தெரிந்தது.

உள்ளங்கையைத் தாழியின்மேல் வைத்து மெல்ல நகர்த்தினேன். "கோடு இருக்கா?"

"கீது."

இன்னும் நகர்த்தினேன். "இப்போ?"

"போச்சு!"

சுண்ணக்கட்டியால் அந்த இடத்தில் கீறினேன். அப்படியே தடவித் தடவிக் கேட்டுக் கோடு முழுவதையும் வெளியே வரைந்துவிட்டேன். முறம் அகலத்துக்கு ஒரு துண்டு. தாழியின் வாய் விளிம்பிலிருந்து தோள்வரைக்கும் இறங்கியிருந்தது. அதை எடுத்தால் பிள்ளை வந்துவிடுவாள்.

பக்கத்து அறையில், உடைந்த சாமான்களை ஒட்டிப் பழுது பார்க்கிறவரின் கரியடுப்பும் ஒரு தகர டப்பாவும் இருந்தன. டப்பாவைத் திறந்ததுமே நாற்றத்தில் தெரிந்துவிட்டது, தாழியை ஒட்டினது மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கிற பசையால். வஜ்ஜிரம். என் அப்பா துறைமுகத்தில் தச்சர். நாற்காலிக்கு வஜ்ஜிரம் வைப்பார், படகுக்கு மட்டும் வைக்கவே மாட்டார். "தண்ணி பட்டா வுட்டுடும்மே அது, நன்றி கெட்ட பசை" என்பார். வெந்நீர் என்றால் சீக்கிரம் விடும்.

குடிக்க வைத்த பானையில் தண்ணீர் இருந்தது. கரி இருந்தது. நெருப்புக்கு எங்கே போவது? பாக்கியம் இடுப்பிலிருந்து நெருப்புப்பெட்டியை எடுத்தாள். சுருட்டுப் பிடிக்கிறவளுக்கு அது இல்லாமல் ஆகுமா?

தண்ணீர் சுட்டது. ஆனால் ஊற்றினால் வழிந்து ஓடிவிடும், துணியை நனைத்துச் சுற்றிவைக்க வேண்டும். என் முந்தானை எந்த மூலைக்குப் போதும்? நான் சுற்றுமுற்றும் பார்ப்பதற்குள் ஜைனம்பு தன் வெள்ளைத் துப்பட்டியை உருவி என் கையில் கொடுத்தாள். தெருவில் அவள் முகத்தையும் தலையையும் மறைக்கிற துணி அது. அது இல்லாமல் அவளுக்கு வாசற்படி கிடையாது. அவளைப் பார்த்து இன்னொருத்தி கொடுத்தாள். பிறகு எல்லாரும் கொடுத்தார்கள்.

நனைத்து, பிழிந்து, சூடு பிள்ளைக்குத் தாங்குமா என்று என் கன்னத்தில் வைத்துப் பார்த்து, கோட்டின்மேல் சுற்றினோம். ஆறினதை எடுத்தோம், சூடானதை வைத்தோம். இரண்டு பெண்கள் தாழியின் வாயில் விசிறிக்கொண்டே இருந்தார்கள். செம்மண் கரைந்து வழிந்தது. ஓடு அசையவில்லை.

"ஹபீபா, கோடு இருக்கா?" என்று கேட்டேன்.

பதில் இல்லை.

"ஹபீபா!"

விசில் சத்தமும் மெலிந்துவிட்டது. ஜைனம்பு என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. அந்த நேரத்தில் நான் என்ன ஜெபம் சொன்னேன் என்று கேட்காதீர்கள். மனப்பாடமான ஒரு மந்திரமும் வாயில் வரவில்லை. "சேசுவே, சேசுவே" என்பதைத் தவிர ஒன்றுமில்லை. பிறந்ததிலிருந்து சொன்ன ஜெபங்களெல்லாம் ஒரு பக்கம், அந்த ஒரு வார்த்தை ஒரு பக்கம்.

என் கைக்கடியில் ஓடு நெகிழ்ந்தது.

பல் ஆடுகிற மாதிரி லேசாகத்தான் அசைந்தது. பாக்கியம் இந்தப் பக்கம் பிடித்தாள், நான் அந்தப் பக்கம் பிடித்தேன். கூழ் மாதிரி வஜ்ஜிரம் ஒழுக, துண்டு முழுசாகக் கையோடு வந்தது. ஜைனம்பு இரண்டு கையையும் விட்டுப் பிள்ளையை அள்ளி எடுத்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். நாங்கள் எல்லாரும் அந்தச் சின்ன நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மூச்சு. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு இருமல். பிறகு, என் கர்த்தரே, அழுகை! அப்படியொரு இனிமையை நான் எந்தக் கோவில் பாட்டிலும் கேட்டதில்லை.

அழுது ஓய்ந்தவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நான் சரியா ஒக்காந்தேனா, டீச்சர்?"

சிரிக்கவா, அழவா? இரண்டையும் செய்தேன்.

அதற்குள் சாயங்கால மணி அடித்துவிட்டது. வெளியே பூட்டில் சாவி விழுகிற சத்தம் கேட்டது. பெண்கள் அலறிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். துப்பட்டியெல்லாம் ஈரமாய், செம்மண்ணாய், தரையில் கிடக்கிறது. வாசலில் காவல்காரர், ஜட்காக்காரர்கள், வீட்டு ஆண்கள். எந்தக் கதவு திறக்க வேண்டுமென்று தொண்டை கிழியக் கத்தினேனோ, அதே கதவில் என் முதுகைக் கொடுத்து முட்டுக்கொடுத்தேன்.

"தொறக்காதீங்க! நான் சொல்ற வரைக்கும் தொறக்காதீங்க!"

"இன்னாம்மே ஆச்சு? மதர் நிக்கிறாங்க," என்றார் காவல்காரர்.

"மதர் மட்டும் வரட்டும்!"

மதர் மட்டும் உள்ளே வந்தார்கள். மாட்டுத்தோல் நாற்றம், கரிப்புகை, தரையெல்லாம் செந்தண்ணீர், வாய் பிளந்த தாழி. என் படிப்பு அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மதர் கேட்டதெல்லாம், "பிள்ளை எங்கே?" என்றுதான். ஹபீபாவின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார்கள். நடந்ததை முழுவதும் சொல்லச் சொன்னார்கள். பிறகு தாழியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது ஏற்கெனவே உடைந்ததுதான், சவரியம்மாள். மறுபடி ஒட்டலாம்," என்றார்கள்.

ஈரத் துப்பட்டியைப் பிழிந்து போர்த்திக்கொண்டிருந்த ஜைனம்பு அப்போது பேசினாள். வெள்ளைக்கார மதரிடம் பேச எனக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"அம்மா, அடுத்த மாசமும் வருவோம். ஆனா பூட்டு உள்ள கெடக்கட்டும். நாங்களே பூட்டிக்குறோம், நாங்களே தொறந்துக்குறோம்."

மதர் கதவண்டை போனார்கள். காவல்காரரிடமிருந்து பூட்டையும் சாவியையும் வாங்கி அவள் கையிலேயே கொடுத்தார்கள். ஜைனம்பு அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

நேர்ந்துகொண்டபடி செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினேன், சண்டை போட்டதற்கு மன்னிப்பும் கேட்டேன். இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் உபாத்தினி. வகுப்பில் ஒரு பிள்ளை ஏதாவது சொல்ல வாயெடுத்தால், நான் சொல்லிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். அன்றைக்கு என் ஜெபத்துக்குச் சர்வேசுரன் ஒரு பிள்ளையின் வாயால்தான் பதில் சொன்னார். என் அழுகைச் சத்தத்தில் அதை நான் கேட்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இதைப் படிக்கிற சகோதரிகளே, உங்களில் யார் எதற்குள் அகப்பட்டுக் கிடக்கிறீர்களோ எனக்குத் தெரியாது. அழகான வார்த்தை கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அழுது கேளுங்கள், சண்டை போட்டுக் கேளுங்கள், ஒரே பேரைச் சொல்லிக் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் காதையும் கொடுங்கள். அடுத்த கோஷா நாளில் ஹபீபா தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எல்லாரும் உள்ளே வந்தானதும், ஜைனம்பு என்னிடம் பூட்டை வாங்கி, தன் கையாலேயே உள்பக்கம் பூட்டினாள்.