தொட்டிலுக்குக் கீழே பாக்குவெட்டி

நாங்கள் குடியேறிய வெளிநாட்டு ஊரான ட்வெய்ட்டாவில் எங்கள் கீழ்வீட்டுக்காரி நோரா, அயர்லாந்தில் ஒரு பண்ணையில் வளர்ந்தவள். எனக்குப் பிறந்த மகளைப் பார்க்க வந்தவள், தொட்டிலுக்குக் கீழே கிடந்த என் அம்மாவின் பாக்குவெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினாள். எனக்கு முகம் சுட்டது. மறுநாள் தாதி பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வரவிருந்தார். பிள்ளைக்குப் பக்கத்தில் இரும்பைக் கண்டால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?

அதன் துரு மணம், சண்டையில் இடிந்துபோன எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டின் பின்னறைக்கு என்னைக் கொண்டுபோனது. பிள்ளை பெற்றவளுக்கு இடித்த சரக்குத்தூளும் சாம்பிராணிப் புகையும் ஈரத்துணியும் மணக்கும் அந்த அரையிருட்டில், அம்மா கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் தம்பியின் தலைமாட்டில் இதை வைப்பார். துலா கிறீச்சிட்டு இறங்கி ஏறி, வாளி தளும்பி, அவருடைய ஈரக்காலடி திரும்பிவரும் வரைக்கும், காவலுக்கு இருத்தப்பட்ட ஏழு வயதுக்காரி நான் தம்பியை விட்டுவிட்டு இந்த இரும்பையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

“எங்கட வீட்டில அடுப்புக் குறடு,” என்றாள் நோரா. “அம்மா வெளியில போனா தொட்டிலுக்குக் குறுக்கால வைப்பா. இல்லாட்டி மண்மேட்டுக்குள்ள இருக்கிற மாயச் சனம் பிள்ளையை மாத்திப்போடுமாம்.”

“உம்மட பிள்ளைக்கு நீரும் வைச்சனீரோ?”

“சீச்சீ, நான் படிச்சவள்,” என்று சிரித்தாள். “கத்தரிக்கோல் வைச்சனான்.”

மறுநாள் மேசை லாச்சியை இழுத்து, பாக்குவெட்டியை அதற்குள் ஒளித்தேன். தாதி, மகளின் எடையைப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த அரைமணி நேரமும், நான் மகளை விட்டுவிட்டு அந்த லாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.