குழம்பு வற்றிய கடை

போன செவ்வாய்க்கிழமை, என் சோற்றை ஒருவர் கரண்டியால் தூக்கிப் பார்த்தார்.

கையில் தட்டோடு நிற்கிறேன். பின்னால் மூன்று பேர். (எண்ணினேன். வரிசையில் நின்றால் எண்ணாமல் இருக்க என்னால் முடியாது.) தட்டைப் பார்த்து விலை சொல்லும் ரஹீம், சோற்றின் ஓரத்தைத் தூக்கி, அடியில் முட்டை ஒளிந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார்!

"என்ன ரஹீம், புதையல் தேடுறியா?"

"தப்பா நெனைக்காதீங்க சார்... இப்ப எல்லாருக்கும் இப்படித்தான்."

வழக்கமாக ஏதாவது கிண்டல் செய்பவர். அன்று முகத்தில் சிரிப்பே இல்லை.

சூலியா தெருவை ஒட்டிய சந்தில் இருக்கிறது சோற்றில் குழம்பு ஊற்றித் தரும் அந்த நாசி கண்டார் கடை. முதலாளி சாகுல். இருபது வருடமாக அங்கேதான் என் மதியச் சாப்பாடு. கோலாலம்பூரில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தேன். முன்பெல்லாம் மதிய வரிசை வாசலைத் தாண்டி, பக்கத்துப் பணமாற்றுக் கடைவரை நிற்கும். இப்போது எனக்குப் பின்னால் மூன்றே பேர். இரண்டு மாதத்தில் என்ன ஆயிற்று?

சாப்பிட உட்கார்ந்தேன். முதல் கவளத்திலேயே ஏதோ குறைந்தது. ருசி அதேதான். குழம்பைக் காணோம்! நம் ஊரில் நாசி கண்டார் என்றால் 'பஞ்சிர்' கேட்பவர்கள்தான் அதிகம் — நாலைந்து குழம்பைக் கலந்து, சோறு வெள்ளத்தில் மிதக்கும்படி ஊற்ற வேண்டும். என் தட்டில் வெள்ளம் இல்லை. தூறல்தான்.

சாகுல் வந்து எதிரில் உட்கார்ந்தார். பேச ஆளில்லாமல் இருந்தவர்போல் கொட்டினார்.

"யாவாரமே இல்லண்ணே. காசிமுக்கு வயசாயிருச்சு. கை மணம் போச்சு. மாசக் கடைசியோட நின்னுக்கங்கனு சொல்லிட்டேன்."

காசிம்தான் அந்தக் கடையின் சமையல்காரர். சாகுலின் வாப்பா காலத்து ஆள்.

"சமையல் நல்லாத்தானே இருக்கு?"

"அப்ப ஏன்ணே ஆளு வரல?"

பேச்சை மாற்ற, ரஹீமின் கரண்டியைப் பற்றிக் கேட்டேன். சாகுல் பெருமையாக மேலே கை காட்டினார். குழம்புச் சட்டிகளுக்கு மேலே புதிதாக ஒரு கேமரா.

"தட்டுல போறது ஒன்னு, ரஹீம் சொல்ற காசு ஒன்னு. முட்டை விட்டுப்போவும், சோத்தோங் கணவா விட்டுப்போவும். இப்ப எதெல்லாம் விடுறானோ, அவன் காஜியில பொத்தோங். ஒரே மாசத்துல சரியாயிருச்சு லா!"

"இப்படிச் சம்பளத்தில பிடிக்கச் சட்டத்தில இடம் இருக்கா?"

"அண்ணே, சாப்பிட வந்தீங்களா, கேஸ் போட வந்தீங்களா?"

கை கழுவப் போகும் வழியில், சட்டிகளுக்குப் பின்னால் நின்ற செல்வத்திடம் சும்மா கேட்டேன். குழம்பு ஊற்றுவது அவர்தான்.

"என்னா செல்வம், கை சுருங்கிப்போச்சு?"

அவர் முதலாளியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"கொழம்பு நெறையா ஊத்துனா உள்ள என்னா கெடக்குனு ரஹீமுக்குத் தெரியாது சார். தெரியலனா அவன் சம்பளம் போவும். அவனுக்கு ஊர்ல ரெண்டு புள்ள. அதான்... நாங்களே கொறைச்சுக்கிட்டோம்."

"காசிமை நிறுத்தறாங்களே, தெரியுமா?"

"தெரியும் சார். இத சொன்னா என் காஜியிலயும் கை வப்பாரு. நீங்களும் சொல்லிடாதீங்க."

எப்படி இருக்கிறது கதை? அபராதம் ரஹீமுக்கு. அந்தப் பயம் போய் உட்கார்ந்தது செல்வத்தின் கரண்டியில். தூறலைப் பார்த்துவிட்டு வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போனார். வேலை போகப்போவது அடுப்படியில் நிற்கும் காசிமுக்கு! முட்டை தப்பவில்லை என்று முதலாளிக்கு மட்டும் பரம சந்தோஷம்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சம்பளப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மாதம் முழுக்க லீவு போடாதவர்களுக்குத் தனிப் படி. நல்ல எண்ணம்தான். ஒரு பெண் அந்தப் படியை விட மனமில்லாமல் காய்ச்சலோடு வேலைக்கு வந்தார். அடுத்த வாரம் அந்த வரிசையில் பாதி நாற்காலிகள் காலி. சம்பளத்தில் எதைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஜனங்கள் உடனே மாறிவிடுகிறார்கள். நாம் நினைத்த பக்கமாகவா மாறுகிறார்கள்? அதுதான் கேள்வி.

மூன்று இரவு எனக்குத் தூக்கம் சரியில்லை. சொன்னால் செல்வத்துக்குக் கெடுதல். சொல்லாவிட்டால் காசிமுக்கு. எந்தப் பக்கம் கூட்டினாலும் கழித்தாலும் விடை வரவில்லை.

வெள்ளிக்கிழமை போனேன். ரஹீம் வேலை பெர்மிட் புதுப்பிக்கப் போயிருந்தார். அவர் இடத்தில் நின்று விலை சொல்ல ஆள் வேண்டும். சாகுல் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தார்.

"தட்டு கழுவச் சொல்லுங்க மொதலாளி, விடிய விடிய கழுவுறேன். அங்க மட்டும் நிக்கமாட்டேன்."

"எனக்குக் கண்ணாடி மாத்தணும் மொதலாளி..."

ஒருவரும் வரவில்லை. கடைசியில் அவரே நின்றார். தொழுகை முடிந்த கூட்டம் திமுதிமுவென்று உள்ளே வந்தது. செல்வத்துக்கு அன்று என்ன பயம்? முதலாளியின் சம்பளத்தை யார் பிடிப்பார்கள்? பழைய கை திரும்பிவிட்டது. ஊற்று ஊற்று என்று ஊற்றினார்.

சாகுல் தட்டுகளை முறைக்கிறார், குனிகிறார், நிமிர்கிறார். வியர்க்கிறது. வரிசையில் நானும் நிற்கிறேன். கூட்டத்தில் ஒருவர், "சீக்கிரம் லா போஸ், ஆறுது!" என்று குரல் கொடுக்கிறார்.

சாகுல் திரும்பிக் கத்தினார்: "டேய் செல்வம்! கொழம்ப கொஞ்சமா ஊத்துடா! உள்ள என்னா கெடக்குனே தெரியல!"

செல்வம் கரண்டியைத் தூக்கியபடியே நின்றார்.

"அதத்தானே மொதலாளி ரெண்டு மாசமா செஞ்சுக்கிட்டு இருக்கோம்."

சாகுல் தன் கையில் இருந்த தட்டைப் பார்த்தார். செல்வத்தைப் பார்த்தார். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்தார் — அங்கே காசிம் முதுகைக் காட்டியபடி கிண்டிக்கொண்டிருந்தார்.

"ஊத்து," என்றார். "நல்லா ஊத்து."

கூட்டம் கலைந்ததும் அவர் அடுப்படிக்குள் போனார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து காசிமின் குரல் மட்டும் கேட்டது: "அப்ப நாளைக்கு நண்டு வாங்கவா, வேணாமா? அதச் சொல்லு மொதல்ல!"

நேற்றும் போனேன். கேமரா அங்கேயே இருக்கிறது. அபராதம் இல்லை. பிடித்ததைத் திருப்பிக் கொடுத்தாரா என்று ரஹீமிடம் கேட்டேன். "பாதி வந்திருச்சு சார்," என்றார். மீதியையும் சாகுலிடம் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன். எனக்குப் பின்னால் வரிசையில் பதினொரு பேர்.

தட்டில் வெள்ளம். டாக்டர் பார்த்தால் திட்டுவார். ரஹீம் ஒரு பார்வை பார்த்து, "ஏழு வெள்ளி சார்" என்றார்; கரண்டியைத் தொடவில்லை.

"அடியில ஒரு முட்டை இருக்கு ரஹீம்," என்றேன்.