வலைக்குக் கீழே ஒரு வகுப்பறை

சுவர் வெறுமையாக இருந்தால் எனக்குக் கை நமநமக்கும். 1993-ல் மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, மைதா பசை காய்ச்சி, ஒன்றாம் வகுப்புச் சுவர் முழுக்க உயிரெழுத்துகளை ஒட்டிவிட்டேன். அங்கே இருந்த வருடங்களில் என் கையில் கத்தரிக்கோல் இல்லாத நாள் குறைவு. மல்லாட்டைத் தோலில், அதாவது வேர்க்கடலைத் தோலில், யானை செய்வேன். தீப்பெட்டியில் ரயில், முட்டை ஓட்டில் கோமாளித் தலை. திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் காலி டப்பா எதையும் யாரும் தூக்கிப் போட்டுவிட முடியாது. "இந்தப் பேஸ்ட் அட்டைக்கு ஏதாவது வேலை இருக்குதா, போட்றலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் என் வீட்டுக்காரர் குப்பைக்கூடைப் பக்கமே போவார்.

மாறுதலில் மரக்காணத்தைத் தாண்டி ஒரு கடலோரக் குப்பத்துப் பள்ளிக்கு வந்தபோதும் அதே துடிப்போடுதான் வந்தேன். சுனாமி வந்து போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வீடுகளில் பாதி கரையை விட்டு உள்ளே தள்ளிப் புதுக் குடியிருப்புக்குப் போய்விட்டன. பள்ளிக்கூடம் மட்டும் பழைய இடத்திலேயே, சவுக்குத் தோப்பின் ஓரமாக, ஓட்டுக் கூரையோடு நின்றது. இரண்டு அறை, இரண்டு ஆசிரியர். நான்காம் ஐந்தாம் வகுப்புகளைத் தலைமையாசிரியர் வைத்துக்கொண்டார். ஒன்று முதல் மூன்று வரை எனக்கு.

முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை இருந்து சார்ட்டுகளை ஒட்டிவிட்டுப் போனேன். திங்கள்கிழமை கதவைத் திறந்தால் எல்லாம் தரையில் சுருண்டு கிடந்தன. சுவரைத் தொட்டுப் பார்த்தேன். உப்புப் பூத்து, விரலில் மாவு மாவாக ஒட்டிக்கொண்டு வந்தது. டேப் போட்டேன், டேப்போடு சுண்ணாம்பும் உரிந்து வந்தது. ஆணி அடித்தேன், உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. பெயின்ட் வாங்கி வந்து ஒரு மயில் வரைந்தேன். மழைக்காலம் தொடங்குவதற்குள் அதன் தோகை கொப்புளித்து உதிர்ந்துவிட்டது.

"விடுங்க டீச்சர்," என்றார் தலைமையாசிரியர். "இந்தச் சொவுரு எதையும் ஏத்துக்காது. தலைவர்கள் படத்தையே நான் பீரோவுக்குள்ளதான் வச்சிருக்கேன்."

செயல்வழிக் கற்றல் அப்போது வந்த புதிது. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து அவரவர் அட்டையை எடுத்துப் படிக்க வேண்டும். அவர்கள் செய்கிறதையும் வரைகிறதையும் தொங்கவிட, தலைக்கு மேலே கம்பி இழுத்துக் கட்ட வேண்டும். கம்பிப் பந்தல் என்று அதற்குப் பெயர். சுவர் கைவிட்டால் என்ன, கம்பி இருக்கிறதே என்று சந்தோஷமாகக் கட்டினேன். தீபாவளி தாண்டவில்லை, கடல் காற்று கம்பியைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. ஒரு நாள் ஒரு பிள்ளையின் அம்மா மீன் கூடையோடு வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா டீச்சர், தெனமும் பாப்பா தலையில செம்மண்ணு மாதிரி கொட்டிக்கினு வருது?"

நிமிர்ந்து பார்த்தேன். துரு. அடுத்த வாரம் கம்பி அறுந்து, மூன்றாம் வகுப்பு செய்த காகிதப் பூக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கீழே வந்தன. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றைக்கு பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. மனசு சரியில்லாமல் கரைக்கு நடந்தேன். ஏலக்கூடத்து நிழலில் ஆண்கள் வலை தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, ஊசிக்கட்டையை உள்ளே விட்டு வெளியே எடுத்து, பேச்சை நிறுத்தாமல் முடிச்சுப் போட்டுக்கொண்டே போனார்கள். பச்சையும் நீலமுமாக வலை மலைபோலக் குவிந்து கிடந்தது. உப்புக் காற்றிலும் உப்புத் தண்ணீரிலும் கிடக்கிற பொருள். இத்தனை மாதமாக இதன் பக்கத்தில்தான் நடந்து போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

அங்கே இருந்தவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். என் மூன்றாம் வகுப்பில் படிக்கும் பெண்ணின் அப்பா, முப்பத்தைந்து வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வாங்க டீச்சர். பொண்ணு இன்னா பண்ணிச்சி?"

"அவ ஒண்ணும் பண்ணலண்ணே. எனக்கு ஒரு வலை வேணும்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "மீனு வேணும்னா சொல்லுங்க, பஸ் ஏறச்சொல்ல குடுத்தனுப்புறோம். வலைய வச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க?"

"ஸ்கூல்ல கட்டணும். மேல, ஓட்டுக்குக் கீழ. பிள்ளைங்க செய்யறதைத் தொங்கவிடறதுக்கு."

சிரிப்பு நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் அந்தப் பெண்ணின் அப்பா வியாபாரம் பேசுகிற குரலில் கேட்டார்: "பெரிய கண்ணா, சின்னக் கண்ணா?"

வலையின் ஓட்டையைத்தான் கண் என்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "பிள்ளைங்க கை நுழையணும், தலை நுழையக் கூடாது," என்றேன்.

"அப்ப இதுதான்," என்று குவியலிலிருந்து ஒன்றை இழுத்தார். கடலுக்குப் போய் ஓய்ந்த பழைய வலை.

சனிக்கிழமை நாலு பேர் வந்து கட்டினார்கள். உத்தரத்தில் ஏறி உட்கார்ந்து, கூரையைத் தாங்கும் எல்லா மரத்திலும் கயிற்றைச் சுற்றிச் சுற்றி முடிந்தார்கள். இவ்வளவு எதற்கு, காகிதம்தானே தொங்கப் போகிறது என்றேன். "கட்றது கட்றோம், ஒழுங்கா கட்டிட்டுப் போறோம்," என்றார் அந்தப் பெண்ணின் அப்பா. ஓரத்திலிருந்த ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்தார், தவறிப் பிள்ளைகள் தலையில் விழுந்துவிடக் கூடாதென்று. மிதப்புக் கட்டைகளை அப்படியே விட்டுவிட்டார். நடுவில் கொஞ்சம் தொய்வாக, பெரியவர்கள் கையைத் தூக்கினால் எட்டும்படி விட்டார்கள்.

திங்கள்கிழமை தலைமையாசிரியர் என் அறைக்குள் நுழைந்து மூக்கை உறிஞ்சினார். "டீச்சர், சத்துணவுல மீன் போட ஆரம்பிச்சிட்டாங்களா?"

அந்த வாசனை போக ஒரு மாதம் ஆனது. அதற்குள் வலை நிறைந்துவிட்டது.

நான் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு மீன் வெட்டி மாட்டியதுதான் ஆரம்பம். பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். "இது இன்னா மீனு டீச்சர்?" என்றது ஒன்று. "சும்மா மீனு," என்றேன். "சும்மா மீனுன்னு ஒண்ணு இல்லியே," என்றது இன்னொன்று. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சரி, நீங்களே செய்யுங்கள் என்று பெட்டியிலிருந்த எல்லாவற்றையும் பாயில் கொட்டினேன்.

பிஸ்கட் பாக்கெட்டின் உள்பக்கத்து வெள்ளித்தாளை நீளமாகக் கிழித்து வாளை மீன் செய்தார்கள். கல்யாணப் பத்திரிகையின் சிவப்பு அட்டையில் சங்கரா. கறுப்புப் பாலித்தீன் பையை விரித்துத் திருக்கை, அதன் வாலுக்குத் துடைப்பக் குச்சி. தேங்காய் நாரில் இறால் மீசை. ஒவ்வொன்றின் வயிற்றிலும் அதன் பெயரை எழுத வேண்டும் என்று மட்டும் சொன்னேன். எழுதவே வராமல் இருந்த பிள்ளைகள், தான் செய்த மீனுக்குப் பெயர் இல்லாமல் போகக் கூடாதென்று எழுதக் கற்றுக்கொண்டார்கள். ற-வும் ள-வும் அந்த வருடம் மீனோடு மீனாக வந்து சேர்ந்தன. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் தன் மீனை வலைக்குக் கீழே தொங்கவிட மாட்டேன் என்றாள். பெஞ்சில் ஏறி, கண்ணுக்குள் கையை விட்டு, வலைக்கு மேலே வைத்தாள். கேட்டதற்கு, "இது தப்பிச்சிக்கிச்சி டீச்சர்," என்றாள்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் காற்று சரியில்லாமல் படகுகள் எல்லாம் கரையேறிக் கிடந்தன. பெற்றோர் கூட்டத்துக்கு எப்போதும் அம்மாக்கள்தான் வருவார்கள். அன்றைக்கு அப்பாக்களும் வந்துவிட்டார்கள். உட்கார இடம் இல்லாமல் பாயில், பிள்ளைகளின் இடத்தில், காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கூரையில் இரண்டு கண்ணாடி ஓடுகள் உண்டு. பத்து மணிக்கு மேல் வெயில் அது வழியாக இறங்கும். நான் வருகைப்பதிவைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெயில் வலையில் இறங்கியது. வெளியே காற்று அடிக்க அடிக்க வலை மெல்ல அசைந்தது. வெள்ளித்தாள் வாளைகள் திரும்பித் திரும்பி மின்னின. வலையின் நிழல் எல்லார் முகத்திலும் சட்டையிலும் கட்டம் கட்டமாக ஆடியது.  அந்த மூன்றாம் வகுப்புப் பெண்ணின் அப்பா மெதுவாகச் சொன்னார்:

"எத்தினியோ வருசமா வல போட்டுக்கினு இருக்கிறோம். மேல இருந்துதான் பாத்திருக்கிறோம். கீழ இருந்து பாத்ததேயில்ல."

"இப்பிடித்தான் தெரியுமா அதுங்களுக்கு?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

 கேட்டவர் அப்படியே பின்னால் சாய்ந்து, கையைத் தலைக்கு வைத்து, பாயில் மல்லாந்து படுத்துவிட்டார். இன்னொருவர் படுத்தார். கொஞ்ச நேரத்தில் என் ஒன்றாம் வகுப்புப் பாய்களில், கடலில் காய்ந்து கறுத்த அத்தனை ஆண்களும் வரிசையாகப் படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாக்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பிறகு அவர்களும் சிரிப்பதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். நான் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வகுப்பறையை அழகு செய்கிறேன் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அன்றைக்கோ, அந்த அறைக்குள் நான் ஏற்பாடு செய்யாத ஏதோ ஒன்று வந்து நின்றுகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் வலையில் வேறு வேறு வந்தன. ஒரு வருடம் பறவைகள், ஒரு வருடம் கிரகங்கள், ஒரு வருடம் வெறும் எழுத்துகள். கிழிந்த இடத்தை யாராவது ஒரு அப்பா சனிக்கிழமை வந்து தைத்துக் கொடுத்துவிட்டுப் போவார்.

பிறகு ஒரு டிசம்பரில், அரையாண்டு விடுமுறையில், பெரும் புயல் அடித்தது. திண்டிவனத்திலேயே எங்கள் தெருவில் கரண்ட் கம்பம் சாய்ந்து கிடந்தது. பஸ் ஓடவில்லை. மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் என்னை வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனார். வழி நெடுக மரங்கள் வேரோடு பெயர்ந்து கிடந்தன. பள்ளிக்கூடத்தைப் பார்த்ததும் வண்டி நிற்பதற்கு முன்பே இறங்கிவிட்டேன். கூரையில் ஓடு இல்லை. மரச்சட்டங்களுக்கு நடுவே வானம் தெரிந்தது.

வாசலில் ஊர் ஜனம் நின்றிருந்தது. ஒரு பெண் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னிடம் முன்பு துருவைப் பற்றிக் கேட்டவள்தான் அவள்.

"உள்ள வந்து பாருங்க டீச்சர்."

கரையோரத்தில் இன்னும் கூரை வீட்டில் இருந்த மூன்று குடும்பங்கள், விடிவதற்கு முன்னால் வீடு பிய்த்துக்கொண்டு போனதும் பள்ளிக்கூடத்துக்குள் ஓடி வந்திருக்கிறார்கள். முதலில் சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். சுவர் வழியாகத் தண்ணீர் வழிய ஆரம்பித்ததும் நடுவுக்கு நகர்ந்திருக்கிறார்கள். வலைக்குக் கீழே.

"அப்பத்தான் ஓடு உருவிக்கினு வந்துச்சி," என்றாள். "மேல டமால் டமால்னு சத்தம். பசங்கள மடியில போட்டு மூடிக்கினேன். செத்தோம்னு நெனச்சேன் டீச்சர். ஒண்ணுகூடக் கீழ வரல."

உள்ளே போய்ப் பார்த்தேன். வலை அப்படியே இருந்தது. முழு ஓடும் உடைந்த ஓடுமாக, பிய்ந்த சட்டங்களும் சவுக்குக் கிளைகளுமாக அதன் வயிறு நிறைந்து, என் இடுப்பு உயரத்துக்குத் தொங்கியது. சுற்றிலும் கூரை மரத்தில் போட்ட முடிச்சுகள் ஒன்றும் அவிழவில்லை. நைந்துபோன காகிதங்கள் ஈரத்தோடு ஓடுகளுக்கு இடையே ஒட்டிக்கொண்டிருந்தன. நான் அதைத் தொட்டுக் கும்பிட்டேன். எதைக் கும்பிட்டேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மத்தியானம் ஆண்கள் கயிறு பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, கட்டுமரம் இறக்குகிற மாதிரி ஒரே குரல் கொடுத்து வலையைத் தரையில் இறக்கினார்கள். ஓடுகளை வெளியே கொண்டுவந்து குவித்தார்கள். தலைமையாசிரியர் நனைந்த பீரோவுக்குள் இருந்த தலைவர்கள் படங்களை எடுத்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார். இனி எங்கே வகுப்பு நடத்துவது, யாரிடம் போய்க் கேட்பது என்று நாங்கள் இருவரும் படியில் உட்கார்ந்து பேசினோம். 

பேச்சுக்கு நடுவில் நிமிர்ந்து பார்த்தேன். வீட்டையும் கூரையையும் இழந்த பிள்ளைகள் ஆளுக்கொரு ஓட்டுத் துண்டைப் பொறுக்கியிருந்தார்கள். பள்ளிக்கூடத்து முன்னால் இருந்த சிமென்ட் தரை முழுக்கக் குனிந்து உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார்கள். வீடு, படகு, புயலில் சாய்ந்த மரம், அதன் மேல் உட்கார்ந்த காக்கா. சிவப்புக் கோடுகள் வாசலில் தொடங்கி, கொடிக்கம்பத்தைச் சுற்றிக்கொண்டு, தெருவரைக்கும் போயிருந்தன. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எழுந்தேன். நடக்க இடம் இல்லாமல், மிதித்துவிடுவேனோ என்று பயந்து, நான் படியிலேயே நின்றுவிட்டேன்.